கதையை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள்

முன்பு நம்மிடம் மனு கேட்டார்கள். இப்போது கதை கேட்கிறார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டால் ‘உங்கள் வாழ்க்கைப் பயணத்தை ஐந்நூறு சொற்களில் எழுதவும்’ என்று ஒரு கட்டம். தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலைக்குப் போனால் ‘நீங்க கடந்து வந்த பாதையச் சொல்லுங்க’ என்று முதல் கேள்வி. லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் வக்கீல், டாக்டர், கம்ப்யூட்டர்க்காரர், முதலீட்டு ஆலோசகர் எல்லாரும் தன் தொழிலைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் தன் கதையை எழுதுகிறார்கள். அப்படி எழுதச் சொல்லிக்கொடுக்க வகுப்பு நடக்கிறது, அதற்குக் கட்டணமும் உண்டு. வகுப்பின் சூத்திரம் எளிமையானது. எங்கே விழுந்தாய் என்று சொல், எப்படி எழுந்தாய் என்று சொல், கடைசியில் கேட்கிறவனுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொடு. உன் துறையில் நீ நிபுணன் என்று ஊர் ஒத்துக்கொள்ளும்.

ஒத்துக்கொள்ளுமா? யாரை ஒத்துக்கொள்ளும்?

கதை சொல்வதற்கு நான் எதிரி இல்லை தோழர்களே. நானே கவிதை எழுதுகிறவன். கல்வெட்டும் செப்பேடும் பட்டாவும் பத்திரமும் அவர்கள் கையில் இருக்க, நம் கையில் இருந்தது வாய் ஒன்றுதான். அப்பாயி சொன்னதுதான் நமக்கு ஆவணக் காப்பகம். அதனால் ‘சொந்தக் கதை புலம்பாதே’ என்று உபதேசம் செய்கிற பழைய பண்டிதர் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என் சண்டை வேறு. நம் கதை விலை போகிற இடத்தில் நம் அறிவு விலை போவதில்லை. ஒரு சாதி இந்து தன் கதையைச் சொன்னால், அது அவர் ஏற்கெனவே வைத்திருக்கிற நிபுணத்துவத்துக்கு அழகு சேர்க்கிறது. நாம் சொன்னால் கதையை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். கதை கொடுத்தவன் ‘பாதிக்கப்பட்டவன்’. அதை வாங்கி அடுக்கி அறிக்கை எழுதினவர் ‘துறை வல்லுநர்’. இந்தத் தொழில் பிரிவினைக்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வங்கி எழுத்தர். துறையூர்ப் பக்கம் ஒரு கிளை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினோரு வருசமாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கதை கேட்கப்படுகிறது என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். அரிசி ஆலைக்காரர் வந்தால் மேலாளர் அறைக்குள் போவார். அவரிடம் இருப்புநிலைக் குறிப்பு, வருமான வரித் தாக்கல், சொத்துப் பத்திரம். அவ்வளவுதான். அவர் அப்பா குடிப்பாரா, அவர் எத்தனை மைல் நடந்து படித்தார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தாட்கோ கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கறவை மாட்டுக் கடனுக்கு ஓர் அக்கா வந்தால், புருசன் எப்படிச் செத்தான், எத்தனை பிள்ளை, மூத்தவன் ஏன் வேலைக்குப் போகலை, போன கடனை ஏன் முடிக்கலை, எல்லாவற்றையும் வரிசையில் நிற்கிற இருபது பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ‘பாவம்’ என்பார்கள். பிறகு ‘ஜாமீன்தாரர் யாரும்மா?’ என்பார்கள். அந்த அக்காவுக்கு மாடு தெரியும். எந்த மாடு எத்தனை ஈத்து தாங்கும், பருத்திக்கொட்டை விலைக்கும் பால் விலைக்கும் எங்கே கட்டும் எங்கே கட்டாது என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. கடனைத் திருப்புவாளா மாட்டாளா என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு ஒன்று போதும். அதை யாரும் கேட்டதில்லை.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நிலைமை மாறிவிடுகிறதா? ஏப்ரல் 14 நெருங்கினால் எனக்கு அழைப்பு வரும். ‘நீங்கதான் கவிஞராச்சே. ஜெயந்திக்கு ஒரு பத்து நிமிசம் உங்க அனுபவத்தப் பேசுங்க. மனச உருக்குற மாதிரி இருக்கணும்.’ ஒரு வருசம் ‘ரூபாயின் பிரச்சினை’ பற்றிப் பேசுகிறேன் என்றேன். ‘அது ரொம்ப ஹெவி சார்’ என்று சிரித்தார்கள். அதே மாதம் மரவள்ளிக்கான பயிர்க்கடன் புதுப்பிப்பு பற்றிப் பயிற்சி வைத்தார்கள். ஏழு வருசமாக அந்தக் கோப்புகளைப் பார்க்கிறவன் நான். வகுப்பெடுக்க வந்தவருக்கு மரவள்ளிக் குச்சியை எந்த மாதம் நடுவார்கள் என்று தெரியவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என் ‘அனுபவம்’ சாதிக்கு மட்டும் செல்லுபடியாகும் நோட்டு. பயிர்க்கடனுக்கு அது செல்லாது.

‘ஹெவி’ என்றார்களே, அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அம்பேத்கர் ‘ரூபாயின் பிரச்சினை’யை 1923இல் லண்டனில் வெளியிட்டார். இந்தியாவுக்குத் தங்கப் பரிவர்த்தனைத் திட்டம்தான் ஏற்றது என்று எழுதிய கெய்ன்ஸை அதில் எதிர்த்து வாதிட்டிருக்கிறார். 1925இல் ஹில்டன் யங் தலைமையிலான நாணய விசாரணைக் கமிஷன் முன்னால் போய்ச் சாட்சியம் கொடுத்தார். அந்த மேசையில் அவர் தன் சிறு வயது தாகத்தைப் பற்றிப் பேசவில்லை. நாணயத்தின் மதிப்பு, நோட்டு வெளியீட்டுக்கு வரம்பு, விலைவாசி ஏறினால் யார் வயிற்றில் அடி விழும் என்று பேசினார். ரிசர்வ் வங்கியே அவர் புத்தகத்திலிருந்துதான் பிறந்தது என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். அந்த முழக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு மகார், நாணயக் கொள்கை பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிடப்பட்டார், சொன்னார், அது பதிவாகியிருக்கிறது. அதைவிடப் பெரிய கலகம் என்ன வேண்டும்? நூறு வருசம் கழித்து, ஒரு வங்கியில், அவர் பிறந்தநாளிலேயே அந்த விசயம் ‘ஹெவி’!

இப்போது புளியஞ்சோலைக்கு வருகிறேன். உப்பிலியபுரம் தாண்டி, கொல்லிமலையின் அடிவாரம். மேலே ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு கல்லுக்குக் கல் தாவி இறங்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து குளிக்க வருகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம். நாமக்கல் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறுகிறது. இந்தப் பக்கத்தில் மலைச்சனம் இறங்குவதற்குக் கால்தான் வண்டி. கொல்லிமலை என்றால் பாடப்புத்தகம் வல்வில் ஓரியைச் சொல்லும். ஓரிக்கு ஆடி மாதம் அரசு விழாவே உண்டு. ஓரிக்கு சோறு போட்ட சனம் யார் என்பதற்கு விழா கிடையாது. சரி, அது வேறு கட்டுரை.

அங்கே ஒரு விடுதியில் இளைஞர்களுக்கு இரண்டு நாள் பட்டறை. ‘உன் கதை, உன் அடையாளம், உன் தொழில்’ என்ற மாதிரி ஒரு தலைப்பு. நடத்தினவர்கள் பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். வங்கிக் கடன் பற்றி அரைமணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்கூட்டியே போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். துறையூர், உப்பிலியபுரம் சேரிப் பிள்ளைகளும் மலையிலிருந்து வந்த பிள்ளைகளுமாக இருபது பேர் இருப்பார்கள். மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, மலையாளிப் பழங்குடி (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), விவசாயம் படித்தவள். கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது என்று நாலு பக்கம் எழுதி வந்திருந்தாள். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் காசு வருகிறது. ரேசன் அரிசி வந்துவிட்டது. இந்த இரண்டையும் எல்லா ஆய்வாளரும் எழுதுகிறார்கள். அவள் மூன்றாவதாக ஒன்றை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். சாமை உமியைப் பிரிக்க உரலில் குத்த வேண்டும், குத்துகிறவள் பொம்பளை. எந்த ஊரில் அரவை எந்திரம் வந்ததோ அங்கே சாமை கொஞ்சம் தாங்கி நிற்கிறது, வராத ஊரில் பெண்களே ‘வேணாம்’ என்று நிறுத்திவிட்டார்கள். இதைத் தன் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் வீடு வீடாகக் கேட்டு எழுதியிருந்தாள். 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் சிறுதானியத்துக்காக வேலை செய்துவருகிறது, எந்திரம் வைத்துக் கொடுத்திருக்கிறது. இந்தப் பெண் எழுதியிருந்தது அந்த வேலையோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக்கூடிய எழுத்து.

பயிற்சி கொடுக்க வந்தவர் படித்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார். ‘இதெல்லாம் தகவல்மா. இதுல நீ எங்க இருக்க? சின்ன வயசுல பசியோட மலையேறிப் பள்ளிக்கூடம் போனியே, அந்த நாளச் சொல்லு.’

‘நான் பசியோட போகலியே மேடம். எங்க வீட்ல களி இருந்துச்சு.’

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. வேறு ஏதாவது வலி இருக்கிறதா என்று அரைமணி நேரம் தோண்டினார். கடைசியில் அந்தப் பெண் கல்லூரி விடுதியில் யாரோ கேலி செய்ததைச் சொன்னாள். ‘இதுதான், இதுதான் உன் கதை!’ என்று கைதட்டினார்கள். நாலு பக்கச் சாமை மேசையில் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் மேல் யாரோ தேநீர்க் குவளையை வைத்திருந்தார்கள்.

அதே பட்டறையில் ஒரு தம்பி, அருந்ததியர் வீட்டுப் பையன், தன் அப்பாவைத் தெருவில் வைத்து அடித்த கதையைச் சொன்னான். பாதிப் பேர் அழுதார்கள். செல்பேசியில் படம் பிடித்தார்கள், ‘இதைப் போடலாமா?’ என்று அவனிடம் கேட்டார்கள். போடலாம் என்றான். தேநீர் நேரத்தில் என்னிடம் வந்து நின்றான். ‘அண்ணே, அது எங்க அப்பாரு வாங்குன அடி. நான் பக்கத்துல நின்னேன், அவ்ளோதான். எங்க மாமங்கிட்டகூட அத அவரு சொன்னதில்ல. அவரக் கேக்காம நான் போடச் சொல்லிட்டனே, தப்புங்களா?’ அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தை அழிக்கச் சொன்னோம். அழித்தார்கள். ஆனால் அவன் கேட்டது பட்டறையின் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ‘உன் கதை’ என்கிறார்களே, அதில் ‘உன்’ என்பது யார்? அடிபட்டது அப்பா, ஒளிந்துகொண்டது அம்மா, ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டியது தெரு முழுக்க. இதில் ஒருத்தன் மட்டும் மேடையேறி ‘நான் மீண்டேன்’ என்று சொன்னால், மீளாதவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் இருட்டுத் திரையாகத் தொங்குகிறார்கள். சாதி ஒருத்தனுக்கு வருகிற வியாதி இல்லை. ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரே ஒரு கதாநாயகன்தான் வேண்டும். குழுவாக அடிபட்டவர்களைத் தனித்தனியாக வெற்றி பெற்றவர்களாக மாற்றித் தருகிற எந்திரம் இது.

சாதி இந்துக் கதைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ‘என் தாத்தா கையில் நாலணாவோடு பட்டணம் வந்தார்’ என்று தொடங்குவார்கள். எந்த அக்கிரகாரத்திலிருந்து வந்தார், பட்டணத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்தார், அந்தத் திண்ணை எப்படி வந்தது, ஊரில் விட்டுவந்த நிலத்தை யார் உழுதார்கள் என்று யாரும் தோண்டுவதில்லை. நாலணாவை மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். திண்ணை கதைக்கு வெளியே போய்விடுகிறது. நமக்கு நேர்மாறு. நம்மிடம் இருக்கிற நாலணாவை விட்டுவிட்டு, திண்ணையில் ஏறவிடாததை மட்டும் சொல்லச் சொல்கிறார்கள்.

சரி, கதை சொல்வதால் என்ன நடக்கும், எப்படிச் சொன்னால் நடக்கும் என்று கேட்பீர்கள். கொல்லிமலையில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடிதான் தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடியிலும் இருக்கிறது. அங்கே அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இறங்கினார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைத் தின்றார்கள், சனத்தை அடித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அதிகாரம் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று மறுத்தது. அந்தப் பெண்கள் சொன்னார்கள். சங்கத்திடம் சொன்னார்கள், ஆணையத்திடம் சொன்னார்கள், சிபிஐயிடம் சொன்னார்கள், நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னார்கள். எந்த லாரி, எந்த ஏரிக்கரை, எத்தனை பேர், எவன் என்று சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் அசிங்கப்படுத்தினார்கள், திரும்பவும் சொன்னார்கள். பத்தொன்பது வருசம். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதியே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார்.

இந்தப் பெண்களின் சொல்லுக்கும் பட்டறைக் கதைக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அவர்கள் சொன்னதில் தேதி இருந்தது, இடம் இருந்தது, எதிரியின் முகம் இருந்தது. பட்டறைக் கதையில் எதிரிக்கு முகம் கிடையாது. ‘சூழ்நிலை’ என்பார்கள், ‘சவால்’ என்பார்கள். அடித்தவன் பெயரைச் சொன்னால் ‘நெகட்டிவா இருக்கே’ என்பார்கள். கேட்கிறவன் யாரும் தன் சாதியை நினைத்துக் கூச்சப்படக் கூடாது, நெகிழ்ந்து மட்டும் போக வேண்டும். வாச்சாத்திப் பெண்கள் யாரையும் நெகிழ வைக்கப் பேசவில்லை. சிறைக்கு அனுப்பப் பேசினார்கள். அதற்குப் பெயர் சாட்சியம்.

அம்பேத்கர் தன் கதையைச் சொன்ன விதமும் இதுதான். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்கிற அந்தச் சின்ன நூலை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் தனி நூலாக வெளியிட்டது. தொடக்கத்திலேயே கணக்கு வைத்துச் சொல்கிறார்: தீண்டாமை என்றால் என்னவென்று அந்நிய நாட்டாருக்குப் புரிய வைக்க வேண்டும், பொதுவாக விளக்குவதைவிட நடந்த சம்பவங்களைச் சொல்வது பலன் தரும், ஆகவே சொல்கிறேன் என்று. 1901இல் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய பயணம். அப்பா கோரேகாவில் காசாளர், எங்கள் இனம்! மகார்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டி கிடைக்காமல் போகிறது. இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வருகிறான். கையில் சாப்பாடு இருந்தும் தண்ணீர் இல்லாமல் ராத்திரியைக் கழிக்கிறார்கள். பிறகு பரோடா, சாலிஸ்காவ், தௌலதாபாத். நாலு அத்தியாயம் அவருடையது. மிச்சம் இரண்டு?

அதைத்தான் பட்டறைக்காரர்கள் படிக்க வேண்டும். ஐந்தாவது, கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் எழுதிய கடிதம். பிள்ளை பெற்ற மனைவியைப் பார்க்க டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். வெளியே நின்றபடி வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் கணவனிடம் கொடுத்து, அவன் மனைவிக்கு வைத்து, அதே வழியில் திரும்பி வருகிறது. அந்தப் பெண் செத்துப்போகிறாள். ஆறாவது, போர்சத் தாலுகா அலுவலகத்தில் 1936இல் தலாத்தி வேலைக்குச் சேர்ந்த ஒரு பங்கி இளைஞன் பம்பாய்க் கூட்டத்தில் சொன்னது. சான்றிதழைக் கீழே போடச் சொல்லிப் பிறகு எடுத்துக்கொள்கிறான் எழுத்தன். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தனியாக ஒரு துருப்பிடித்த பாத்திரம். தன் கதையில் தொடங்கி, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் சாவிலும், ஒரு கீழ்நிலை அரசு ஊழியனின் தாகத்திலும் கொண்டுபோய் முடிக்கிறார் உலகம் அறிந்த அந்த அறிஞர். தன்னை நிபுணனாக்கிக்கொள்ள அவருக்குக் கதை தேவைப்படவில்லை, பட்டங்கள் இருந்தன. தன் கதையை அடுத்தவன் கதைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இது ஒருத்தனுக்கு நேர்ந்த விபத்தில்லை என்று நிரூபிக்கத்தான் தேவைப்பட்டது. அந்த தலாத்தியின் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் தண்ணீர் கேனைத் திறந்தபோது என் கை நின்றது. அது என் சொந்த விசயம், விடுங்கள்.

நம் தமிழிலும் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தை வெளியிட்டார். கோயமுத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கி நின்றதைக் கொஞ்சம்தான் சொல்கிறார். பிறகு மனுக்களும் மாநாடுகளும் சட்டமன்றத் தீர்மானமும் வந்துவிடுகின்றன. 1924இல் பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவருக்குத் தன் ஒதுங்கலை நீட்டி எழுத நேரமில்லை போலும். மராத்தியில் தயா பவார் 1978இல் ‘பலுதா’ எழுதினார். 1992இல் பாமாவின் ‘கருக்கு’. அப்போது நடந்த விவாதம் மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். ‘இது இலக்கியமா, வாக்குமூலமா?’ என்று கேட்டார்கள். பேச்சுத் தமிழைக் கண்டு மூக்கைப் பொத்தினார்கள். பிறகு 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், கிராஸ்வேர்டு பரிசு கிடைத்தது, மூக்கைப் பொத்தினவர்களே பாடத்திட்டத்தில் வைத்தார்கள். ‘கருக்கு’ தனி ஒருத்தியின் வெற்றிக் கதை இல்லை. தெருவே அதில் பேசுகிறது, திருச்சபைக்குள் இருக்கிற சாதியைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. ஆனாலும் கருத்தரங்குகள் அதை எப்படிப் பயன்படுத்துகின்றன? முப்பது வருசமாக ‘அனுபவத்தைப் பகிருங்கள்’ என்றே அழைக்கிறார்கள். பாமா கணக்கு ஆசிரியர். நம் பிள்ளைகள் கணக்கில் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எந்த வகுப்பில் யார் கைவிடுகிறார்கள் என்று அவரைக் கேட்ட கல்விக் கருத்தரங்கு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

இந்த நோய்க்குக் கோபால் குரு 2002இலேயே பெயர் வைத்துவிட்டார். கோட்பாடு அவர்கள் செய்வது, கள அனுபவம் நம்மிடமிருந்து எடுப்பது. சமூக அறிவியலுக்குள்ளேயே வர்ணப் பிரிவினை ஓடுகிறது என்று எழுதினார். நம் தோழர்களில் சிலர் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: ‘அனுபவம்தான் உயர்ந்தது, கோட்பாடு எதுக்கு?’ அதைக் கேட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். வயலை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற வேலை அது.

ரோஹித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 17. அவருடைய கடைசிக் கடிதத்தை நாடு முழுக்கப் படித்தது, மொழிபெயர்த்தது, கண்ணீர் விட்டது. அந்தக் கடிதத்திலேயே அவர் என்ன ஆக ஆசைப்பட்டார் என்று சொல்லியிருக்கிறார்: கார்ல் சாகன் மாதிரி அறிவியல் எழுதுகிறவனாக. நட்சத்திரங்களைப் பற்றி எழுத வந்தவன் எழுதியதில் இந்த நாட்டுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். உயிரோடு இருந்தபோது உதவித்தொகையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புங்கள், வயிறு இருக்கிறது, கோபித்துக்கொண்டு விண்ணப்பத்தைக் கிழிக்காதீர்கள். ஆனால் ஐந்நூறு சொல்லில் நானூறை உங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நூறில் அடித்தவனுக்குப் பெயர் இருக்கட்டும், ஊருக்குப் பெயர் இருக்கட்டும். அப்பா பட்ட பாடு என்றால் அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கதை கேட்டு வருகிறவரிடம், இதை வைத்து நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள், என் பெயர் எங்கே வரும், முடிவு சொல்கிற கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரிசி ஆலைக்காரர் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

சாமைப் பெண்ணிடம் அந்த நாலு பக்கத்தை வாங்கி வந்திருக்கிறேன். தேநீர்க் கறை ஒரு பக்கத்தில்தான், படிக்க முடிகிறது. அவள் சம்மதத்தோடு, அவள் பெயரோடு, ஒரு வரி குறைக்காமல் அடுத்த இதழில் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவை இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அதோடு சேர்த்து மற்றவர்களும் எழுதலாம். துறையூர் நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிற தோழர்கள் சாக்கடை எங்கே அடைக்கும், ஏன் அடைக்கும் என்று வரைபடம் போட்டு எழுதுங்கள். நாமக்கல் லாரிப் பட்டறைத் தோழர்கள், ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி உரிக்கிற அக்காமார், பிரசவம் பார்க்கிற ஆயாக்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதுங்கள். தேதி, இடம், கூலி, அளவு போட்டு எழுதுங்கள். நான்கு பக்கத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை. கையெழுத்து மோசமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கவுன்டரில் உட்கார்ந்து எந்தக் கையெழுத்தையும் படிக்கப் பழகியிருக்கிறேன்.